கிரேன் வாடகை, ஜல்லி, எம்-சாண்ட், கம்பி: மதுரைப் பக்கம் கட்டுமான வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் வீடு, குடோன், ஷெட் வேலைகள் எடுத்துச் செய்கிறோம். எங்களுக்கு வரும் போனில் பாதி, வேலை கொடுப்பதற்காக வருவதில்லை. "ஒரு கிரேன் வேணும், எத்தனை டன் சொல்றது?", "எம்-சாண்ட் லோடு குறையுற மாதிரி இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுத்தான் வருகிறது. தினமும் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. டீசலோடும் குவாரி நிலவரத்தோடும் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விலை கேட்பதற்கு முன்னால் உங்கள் கையில் என்ன கணக்கு இருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

கிரேன்காரருக்குப் போன் செய்தால் முதலில் என்ன கேட்பார்?

"எத்தனை டன் தூக்கணும்ணே?" என்பார். "பெரிய ஜெனரேட்டர் ஒண்ணு" என்று பதில் சொன்னால் அவரும் குத்துமதிப்பாக ஒரு வண்டியை அனுப்புவார். நான்கு விவரம் தயாராக வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்: பொருளின் எடை, எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும், கிரேன் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும், வண்டி வரும் தெருவின் அகலம்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அளப்பவர்களும் மதில் சுவரிலிருந்து அளந்து சொல்கிறார்கள். கிரேன் சுவரை ஒட்டி நிற்காது. பூம், அதாவது தூக்கும் கை, சுழலும் மையமோ வண்டியின் நடுப்பக்கம் இருக்கும். அந்த ஆறேழு அடியை விட்டுவிட்டுச் சொன்னால், வந்த வண்டி எட்டாமல் திரும்பிப் போகும். வாடகை மட்டும் திரும்பாது. தெருமுனையிலிருந்து சைட் வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுபவமுள்ள ஆபரேட்டர் அதைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார்.

14 டன் கிரேன் என்றால் 14 டன் தூக்குமா?

தூக்கும், பக்கத்தில் வைத்து. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணிப் பாருங்கள். கிரேனுக்கும் அதுதான் கதை. வண்டியில் எழுதியிருக்கும் டன், பூமைச் சுருக்கிப் பாரத்தை வண்டிக்கு மிக அருகில் தூக்கும்போது உள்ள கணக்கு. பாரம் தள்ளிப் போகப் போகத் தாங்கும் எடை மளமளவென்று குறையும். எத்தனை மீட்டரில் எத்தனை டன் என்று ஒரு அட்டவணை ஒவ்வொரு கிரேனிலும் இருக்கும். லோடு சார்ட் என்பார்கள். அது வண்டியில் இல்லை, இருந்ததும் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது என்றால் அந்த வண்டியை நான் கேட்டுக்குள் விடுவதில்லை.

கொக்கி, பெல்ட், அவற்றை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் ஆகியவற்றின் எடையும் பாரத்தோடு சேர்த்திதான். அப்புறம் பெல்ட்டின் சாய்வு. இரண்டு பெல்ட் போட்டு 2 டன் தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். பெல்ட்கள் படுக்கைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன் இழுவை விழும். பெல்ட் நீளம் பற்றாமல் 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 2 டன் விழும். "பரவாயில்லண்ணே, தூக்கிரலாம்" என்று சொல்லும்போது ஆபரேட்டர் முகத்தைப் பார்க்காதீர்கள், பெல்ட்டைப் பாருங்கள்.

எடை தெரியவில்லை. எப்படிக் கணக்குப் போடுவது?

இயந்திரம் என்றால் அதன் பெயர்த்தகட்டில் இருக்கும், அல்லது விற்றவரின் பில்லில் இருக்கும். கல், கான்கிரீட் என்றால் டேப் போதும். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. கம்பி போட்ட கான்கிரீட் சுமார் 70 கிலோ. இரும்பு சுமார் 222 கிலோ. ஊர்க் கோயிலுக்கு ஒரு கல்தூண் வருகிறது, 12 அடி நீளம், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்றால் 27 கன அடி. 75-ஆல் பெருக்கினால் 2 டன்னைத் தாண்டுகிறது. பார்வைக்கு அவ்வளவு தெரியாது. "நாலு ஆள் போட்டு உருட்டிரலாம்" என்று சொல்லும் மேஸ்திரி எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.

தண்ணீர்த் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றுவதென்றால் காலியாகத்தான் தூக்க வேண்டும். அடியில் ஒரு ஜாண் தண்ணீர் நின்றால்கூடத் தூக்கும்போது அது ஒரு பக்கம் ஓடித் தொட்டியைச் சாய்த்துவிடும்.

ஹைட்ரா எடுப்பதா, டெலஸ்கோபிக் எடுப்பதா?

லாரியிலிருந்து இறக்கிப் பத்தடி நகர்த்தி வைக்கும் வேலை, கம்பிக் கட்டு இறக்குவது, ஒரு மாடி உயரத்துக்குள் டிரஸ் (ஷெட் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஏற்றுவது என்றால் ஹைட்ரா போதும். தூக்கியபடியே நகரும், எங்கும் கிடைக்கும். ஆனால் பாரத்தோடு திரும்பும்போதும் சரிவில் போகும்போதும்தான் ஹைட்ரா கவிழ்கிறது. பழைய மாடல்களில் பூம் ஆபரேட்டரின் கண்ணை மறைக்கும், முன்னால் நடந்து போகும் ஆள் தெரியமாட்டார். பெரிய கம்பெனி சைட்கள் பலவற்றில் பழைய ஹைட்ராவை உள்ளேயே விடுவதில்லை. ஹைட்ரா ஓடும்போது பாரத்தில் ஒரு கயிறு கட்டி, பக்கவாட்டில் தள்ளி நின்று ஒருவர் பிடித்து வரட்டும். பாரத்துக்கு அடியிலோ வண்டிக்கு முன்னாலோ யாரும் நடக்கவே கூடாது.

உயரம் அதிகம், அல்லது வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் வைக்க வேண்டும் என்றால், கால் ஊன்றி நின்று தூக்கும் டெலஸ்கோபிக்தான். வாடகை கூடும். கால் விரிக்கவும் இடம் வேண்டும்.

வாடகையை எப்படிப் பேசுவது?

சின்ன வேலைக்கு மணிக்கணக்கு, நாள் முழுவதும் என்றால் ஷிப்ட் கணக்கு, பெரிய சைட்டுக்கு மாதக் கணக்கு. மாதம் என்றால் 26 நாள், 260 மணி நேரம் என்று பேசுவது வழக்கம். மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்ச மணி இருக்கும்; அரை மணியில் வேலை முடிந்தாலும் அதைக் கொடுத்தாக வேண்டும்.

சண்டை வருவதெல்லாம் வேறு இடத்தில். மீட்டர் அவருடைய யார்டிலிருந்து ஓடுகிறதா, சைட்டுக்கு வந்ததிலிருந்தா? டீசல் யாருடையது? ஆபரேட்டர் பேட்டா, சாப்பாடு, பெல்ட் கட்டும் ஹெல்பர் கூலி வாடகைக்குள்ளா, வெளியிலா? வண்டி நடுவில் பழுதானால் அந்த நேரம் யார் கணக்கு? எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு சாயங்காலம் ஆறு மணிக்கு மறந்துபோகும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை ஒன்று சொல்கிறேன். டிரஸ் ஏற்றி வந்த லாரி டிரைவர் காலை ஏழு மணிக்கு, "கப்பலூர் டோல்கேட் தாண்டிட்டேன்" என்றார். உடனே கிரேனை வரச் சொன்னேன். லாரி சைட்டுக்கு வந்தபோது மணி பத்தரை. எந்த டோல்கேட்டைத் தாண்டினாரோ தெரியாது. கிரேன் சும்மா நின்ற நேரத்துக்கும் வாடகை கொடுத்தேன். அன்றிலிருந்து லாரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிரேனுக்குப் போன்.

கிரேன் வந்ததும் என்ன காகிதம் பார்க்க வேண்டும்?

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), ஆபரேட்டரின் லைசென்ஸ். இதோடு தூக்கும் கருவிகளுக்கான வருடாந்திரப் பரிசோதனைச் சான்று. தகுதி பெற்ற ஆய்வாளர் 12 மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சங்கிலி, பெல்ட்டுக்கும் அது உண்டு. பெல்ட்டில் தைத்திருக்கும் டன் லேபிள் கிழிந்திருந்தால் வேறு பெல்ட் கேளுங்கள்.

மாசி வீதிகளுக்குள் கிரேன் வருமா?

வரும், விடியலுக்கு முன்னால். பகலில் சரக்கு வண்டி நெரிசலுக்கு நடுவே பெரிய கிரேனை நிறுத்திக் கால் விரிப்பது நடக்காத காரியம். போக்குவரத்துப் போலீஸில் முன்கூட்டிச் சொல்லி நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும். மாசி வீதியாவது அகலம். உள்ளே ஆவணி மூல வீதிகளையும் அவற்றை இணைக்கும் சந்துகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தலைக்கு மேல் கேபிள் டிவி வயரும் மின்கம்பியும் பந்தல் போட்ட மாதிரி கிடக்கும். அங்கெல்லாம் நாங்கள் மாடியில் மோட்டார் வின்ச் கட்டித்தான் பொருள் ஏற்றுகிறோம். அது மெதுவாக நடக்கும், ஆனால் பக்கத்து வீட்டுச் சன்ஷேடு தப்பிக்கும்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரத்துக்கு 9 மீட்டர் வரம்பு இருக்கிறது. அதனால் அந்தப் பகுதியில் உயரமான கிரேனுக்கு வேலையே அதிகம் வராது. அவனியாபுரம், பெருங்குடி பக்கம் வேறு விஷயம்: விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால், டவர் கிரேன் மாதிரி உயரமாக எதையும் நிறுத்துவதற்கு முன் விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதியைப் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் இடம் திருமங்கலம் பக்கம், கரிசல் மண். கிரேன் நிற்குமா?

கோடையில் பாறை மாதிரி நிற்கும். மழை பெய்து இரண்டு நாள் ஆனபின் போய்ப் பாருங்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே அல்வா. கள்ளிக்குடி போகும் வழியில் ஒரு குடோன் வேலை. டெலஸ்கோபிக் கிரேன் நான்கு காலையும் ஊன்றிவிட்டுப் பாரத்தை எடுத்தது. பின்பக்க வலது கால் சத்தமே இல்லாமல் ஒரு சாண் இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை. கேபினில் இருந்த மட்டக்குமிழ் ஓரத்துக்கு ஓடியதைப் பார்த்து ஆபரேட்டர்தான் பாரத்தைச் சட்டென்று தரையில் விட்டார். நல்ல மனிதர், டீகூடக் குடிக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

கரிசலில் மேல் மண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி ரோலர் விட்ட இடத்தில்தான் கிரேனை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் மரக்கட்டையோ இரும்புத் தகடோ அகலமாகப் போட வேண்டும். ஒரு செங்கல்லை வைத்து ஒப்பேற்றக் கூடாது. மேலூர்ப் பக்கச் செம்மண்ணில் இவ்வளவு பயமில்லை. ஆனால் எந்த ஊரானாலும் புதிதாக மூடிய செப்டிக் டேங்க் பள்ளம், கிணறு தூர்த்த இடம் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சைட்டுக்கு மேல் மின்கம்பி போகிறது. சமாளிக்கலாமா?

சமாளிக்கக் கூடாது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைன் கிளியர் வாங்குங்கள், அதாவது வேலை முடியும் வரை அந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பூம், ஒயர், தூக்கும் பொருள் எதுவும் கம்பிக்குப் பத்தடிக்குள் போகக் கூடாது. உயர் அழுத்தக் கம்பி என்றால் இன்னும் தள்ளி. மின்சாரம் பாய வேண்டுமென்றால் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. இதில் ஆபரேட்டர் தைரியசாலியாக இருந்தால் ஆளை மாற்றுங்கள்.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு? லோடு சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் எல்லாம் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்.

டிப்பர் வந்ததும் கொட்டச் சொல்லாதீர்கள். முதலில் மேலே ஏறி அளங்கள். உள்பக்க நீளம், அகலம், சரக்கு நிற்கும் ஆழம். ஒரு வண்டி உள்ளளவு 12 அடிக்கு ஆறரை அடி, ஆழம் மூன்றரை அடி என்றால் 273 கன அடி. ஆனால் "மூணு யூனிட்" என்றுதான் பில் வரும். மூன்று யூனிட் வர அந்த வண்டியில் ஆழம் 3 அடி 10 அங்குலம் இருக்க வேண்டும். நான்கு அங்குலத்தில் கால் யூனிட்டுக்கு மேல் போய்விட்டது. நடுவில் கோபுரமாகக் குவித்துக் காட்டி, ஓரத்தில் இறங்கியிருக்கும் வண்டியும் வரும். அதனால் ஆழத்தை நடுவிலும் நான்கு மூலையிலும் பார்த்துச் சராசரி எடுங்கள்.

எடை மேடைச் சீட்டு வாங்குவது இன்னொரு வழி. எம்-சாண்ட் ஒரு யூனிட் கிட்டத்தட்ட நாலரை முதல் ஐந்து டன் வரும். ஆனால் நனைந்த சாண்டில் தண்ணீருக்கும் காசு கொடுப்பீர்கள். டேப்பிலும் ஏமாற்று உண்டு: ஈரமான மணல் உப்பிக்கொண்டு அளவில் அதிகமாகத் தெரியும், காய்ந்தால் அமுங்கும். இரண்டையும் பாருங்கள். முதல் லோடிலேயே டேப்போடு நிற்பவர் என்று தெரிந்துவிட்டால் அடுத்த லோடுகள் தானாகச் சரியாகிவிடும்.

எம்-சாண்ட் என்று கிரஷர் டஸ்ட்டைக் கொடுத்துவிடுகிறார்களே?

நிறைய நடக்கிறது. ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூள்தான் கிரஷர் டஸ்ட். அதில் தகடு தகடாகவும் ஊசி ஊசியாகவும் இருக்கும், மாவும் அதிகம். எம்-சாண்ட் அதற்கென்று உள்ள இயந்திரத்தில் போட்டு, மூலை மழுங்க உடைத்து, மாவைக் கழுவி எடுப்பது. உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்துவிட்டுக் கையைத் தட்டுங்கள். திருநீறு பூசின மாதிரி சாம்பல் ஒட்டிக்கொண்டு போகாமல் இருந்தால் அது டஸ்ட். ஐ.எஸ். 383 தரத்தில் உடைத்த மணலுக்கு 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் சிமெண்ட் அதிகம் கேட்கும், தளத்தில் மயிரிழை வெடிப்பு வரும். பொதுப்பணித்துறை மதிப்பீட்டுச் சான்று இருக்கும் குவாரியா என்று கேளுங்கள். பூச்சுக்கு எம்-சாண்ட் வேண்டாம், பி-சாண்ட் தனியாக வாங்குங்கள்.

எந்த லோடாக இருந்தாலும் நடைச்சீட்டு, அதாவது சரக்கைக் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். வழியில் பிடித்தால் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல, உங்கள் வேலைக்கும் தடை. கனிமம் உள்ள நிலத்துக்குப் போட்ட வரியை எதிர்த்து 2025 ஏப்ரலில் குவாரிகளும் கிரஷர்களும் நிறுத்தப்பட்டபோது இங்கே பல சைட் அப்படியே நின்றது. தளம் போடும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஜல்லி, சாண்ட் இரண்டையும் இறக்கிவைப்பது அதிலிருந்து எங்கள் வழக்கம்.

கம்பியை எப்படிச் சரிபார்ப்பது?

விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 10.7 கிலோ. 8 எம்.எம். மீட்டருக்கு 0.395 கிலோ. தரத்தின்படி மொத்த எடையில் 10 எம்.எம். வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5, அதற்கும் மேல் 3 சதவீதம் கூடலாம் குறையலாம். எப்போதும் குறைவாகவே வந்தால் சந்தேகப்படுங்கள். கம்பியின் மேலேயே கம்பெனிப் பெயரும் தரமும் அச்சாகியிருக்கும். ஆர்டர் ஒரு பெயர், இறங்கியது வேறு பெயர் என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள், வெட்டிய பிறகு யாரும் வாங்க மாட்டார்கள்.

செங்கல் எங்கே வாங்கலாம்?

திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளம் என்று ஊரில் சொல்வார்கள். இன்றைக்கு அப்படி ஊருக்குள் தோண்ட முடியாது, சூளை தேடி வெளியே போக வேண்டும். நாட்டுச் செங்கல், சேம்பர் செங்கல் எதுவானாலும் லோடிலிருந்து நீங்களே ஐந்து கல்லை எடுங்கள், அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவுக்கு மேல் போனால் அதிகம் குடிக்கிறது. இரண்டு கல்லைத் தட்டினால் மணி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும்.

சிமெண்ட்?

மூட்டையில் தயாரித்த வாரம் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். விருதுநகர் மாவட்டத்திலேயே ஆலங்குளம், ஆர்.ஆர். நகர் ஆலைகள் இருப்பதால் பழைய சரக்கை ஏற்றுக்கொள்ள நமக்கு அவசியமில்லை. மூன்று மாதம் தாண்டியதைத் தளத்துக்குப் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய வரியில் கொட்டேஷன் கொடுத்தால் கேளுங்கள்.

ரெடிமிக்ஸ் (பிளாண்டில் கலந்து வரும் கான்கிரீட்) எத்தனை வண்டி வரும்?

ஆயிரம் சதுர அடித் தளம், 5 அங்குல கனம் என்றால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். 6 கன மீட்டர் வண்டியில் இரண்டு. பீம் தனிக்கணக்கு. கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும் என்பதால், பிளாண்ட் எங்கே, வழியில் ரயில்வே கேட் இருக்கிறதா என்று பாருங்கள். பூம் பம்ப்புக்கும் கிரேன் மாதிரியே கால் விரிக்க இடம் வேண்டும், மின்கம்பி விஷயத்திலும் அதே கெடுபிடி.

எந்த மாதத்தில் கிரேன் கிடைப்பது கஷ்டம்?

தை பிறந்தால் ஒரு வாரம் மறந்துவிடுங்கள். முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். ஆபரேட்டர், ஹெல்பர், கம்பி கட்டுபவர் எல்லோரும் வாடிவாசல் பக்கம்தான் இருப்பார்கள். போன் எடுத்தாலும் கூட்டத்துச் சத்தம்தான் கேட்கும். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில் ஓடும், அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரே வைகைக் கரையில் இருக்கும். அந்த நாட்களில் உள்ளூருக்குள் கனரக வண்டி எதையும் திட்டமிடாதீர்கள். நல்ல ஆபரேட்டர் வேண்டுமென்றால் பங்குனி பாதியிலேயே சித்திரை மாதத் தேதியைச் சொல்லி, சின்ன அட்வான்ஸ் ஒன்றும் கொடுத்துவைத்துவிடுங்கள்.